மிக்கோஸுக்கு வலப்பக்கம்

சூரியன் கடலை விட்டு ஒரு சாண் மேலே வந்துவிட்டது, தெரோன் இன்னும் அவள் பெயரைச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளை யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், நீ என்றால் போதும், ஏய் என்றால் போதும், முழங்கையால் ஒரு இடி இடித்தால் போதும் என்று மெலித்தா தனக்குத் தானே மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டாள், மூன்று தடவையும் அந்தச் சமாதானம் நெஞ்சுக்குழியைத் தாண்டி இறங்கவில்லை. படகு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாய் காற்றை வாங்கி வயிறு புடைத்து நின்றது, உப்பு மூட்டைகள் தோல் விரிப்புக்கு அடியில் ஈரம் படாமல் கிடந்தன, முன்பக்கம் கட்டியிருந்த இரண்டு ஆடுகளில் ஒன்று கட்டுக் கயிற்றைத் தின்னப் பார்த்தது, மற்றது அதை வேடிக்கை பார்த்தது. பின்னால் சுக்கானை அக்குளில் இடுக்கிக்கொண்டு படகுக்காரி தோரிஸ் ஒரு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்திரா தீவிலிருந்து கெரோனா துறைக்கு மாதம் இரண்டு முறை உப்பு போகும் வழக்கமான பயணம், காற்று ஒத்துழைத்தால் உச்சி வெயிலுக்கு முன்னால் கரை. கரை என்று நினைத்ததுமே மெலித்தா பலகையின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். கரையில் கேட்பவர் காத்திருப்பார். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். செத்துத் திரும்பி வந்தவனே, உன்னைக் கைபிடித்து மேலே கூட்டி வந்தது யார்? தெரோன் பெயர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், போன வருஷம் இதே நாளில் எந்த இருட்டிலிருந்து அவனை இழுத்து வந்தாளோ அங்கேயே அவன் திரும்பிப் போக வேண்டும், இந்தத் தடவை பின்னாலேயே இறங்கிப்போக அவளால் முடியாது, அந்தக் கதவு ஒருவருக்கு ஒரு தரம்தான் திறக்கும்.

கீழுலகத்து அரசி இதையெல்லாம் சொன்னபோது அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் மெலித்தாவுக்கு இன்றுவரை அச்சம். வீட்டுக்கு வந்தவளிடம் பால் கறந்தாகிவிட்டதா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். ஒருவன் மட்டும், என்றாள். உனக்கு ஒரு வருஷம், என்றாள். ஒரு வருஷம் கழித்து அவன் மூழ்கின துறையிலேயே வந்து கேட்பார்கள், அன்று சூரியன் எழுந்ததிலிருந்து உன் பெயரை யாரும் அவன் காதில் போடக் கூடாது, அவனாக எடுக்க வேண்டும், நெஞ்சில் இருந்தால் வாயில் வரும். பத்தொன்பது வயதில் அது எவ்வளவு சுலபமாகத் தோன்றியது. ஒரு பெயர். மூன்றெழுத்து, நான்கெழுத்து, ஒரு மூச்சுக்குள் அடங்குகிற சமாசாரம். உப்பு வாங்க முதல்தடவை தீவுக்கு வந்தபோது அவன் அவள் அப்பாவின் உப்புப் பாத்தியிலிருந்து ஒரு கல்லை எடுத்து நக்கிப் பார்த்து, கசக்குதே என்றான், அவள் ஒரு கை உப்பை அள்ளி அவன் முகத்தில் வீசினாள், அன்று மாலை படகு ஏறும்போது கண் சிவக்கச் சிவக்க அவன் கூப்பிட்ட பெயர், துறை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, மெலித்தா, மெலித்தா, அடுத்த தடவை இனிப்பான உப்பா எடுத்து வை. அதை எப்படி மறப்பான். பன்னிரண்டு நாளுக்கு முன்புவரை அவள் இப்படித்தான் நினைத்தாள். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் காலையில் அவன் கண்விழித்து அவளைப் பார்த்து வாயைத் திறந்தான், வாய் திறந்தபடியே ஒரு நொடி நின்றது. ஒரு நொடிதான். பிறகு சொன்னான். ஆனால் அவள் அந்த நொடிக்குள் விழுந்தவள் விழுந்தவள்தான். அதற்குப் பிறகு தினமும் ஏதாவது சாக்கில் தன் பெயரைத் தானே பேச்சில் போட்டாள், அப்பா என்னை மெலித்தா என்று கூப்பிட்டால் கோபத்தில் இருக்கிறார் என்று அர்த்தம், குட்டிப் பெண்ணாக இருந்தபோது மெலித்தா என்று சொல்ல வராமல் மெத்தா என்பேன், இப்படிக் கதைகள், பாதிக்கு மேல் அப்போதே கட்டியவை. பசிக்கிற குழந்தைக்கு ஊட்டுவதுபோல் ஊட்டினாள். இன்று ஊட்ட முடியாது. இன்று அவள் தட்டை எடுத்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டிய நாள்.

“ஏண்டி, ரெண்டு பேர் வாயிலயும் பூட்டா?” என்று பின்னாலிருந்து தோரிஸ் கத்தினாள். “கெரோனாவுக்குப் போறோம், சாவு வீட்டுக்கா போறோம்?” மெலித்தா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். நேற்றுச் சாயங்காலம் தோரிஸின் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா, நாளைக்கு ஒரு நாள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாதே, நேர்த்திக்கடன், என்று சொல்லியிருந்தாள். யாருக்கு நேர்ந்தாய், எதற்கு நேர்ந்தாய், கல்யாணத்துக்கா என்று தோரிஸ் குடைந்து குடைந்து கேட்டுவிட்டுக் கடைசியில் கடல்மேல் சத்தியம் செய்தாள். ஆனால் தோரிஸின் வாய் தோரிஸின் பேச்சையே கேட்காத வாய். பாய் திருப்பும்போது, கயிறு சிக்கும்போது, ஒரு மீன் துள்ளினால்கூட, முதலில் அவள் வாயிலிருந்து வருவது யாராவது ஒருவர் பெயர். படகில் அவளோடு இருப்பது இரண்டு பேர்தான். இரண்டில் ஒன்று. ஒவ்வொரு தடவை அந்தப் பெரிய தொண்டை கனைக்கும்போதும் மெலித்தா தன் பெயரின் முதலெழுத்து காற்றில் கிளம்புவதைக் கேட்டாள். “அலை பாத்து ஓட்டுக்கா,” என்றாள். “நான் பொறந்ததிலிருந்து அலைதான் பாக்கறேன்,” என்ற தோரிஸ், மடியிலிருந்து ரொட்டியை எடுத்து நீட்டினாள். “தம்பி, பிடி. வயிறு காஞ்சா தலை சுத்தும்.” தெரோன் எட்டி வாங்கினான். இரண்டாகப் பிய்த்தான். அந்தக் கைகள் மட்டும் எதையும் மறக்கவில்லை, ரொட்டி பிய்க்க, வலை உதற, அவள் தலைமுடியில் ஒட்டிய உப்புத் தூளைத் தட்டிவிட, எல்லாம் தெரிந்த கைகள். பெரிய துண்டை அவள் பக்கம் நீட்டியபடி தோரிஸைப் பார்த்துச் சொன்னான், “இருக்கட்டும், முதல்ல அவங்க சாப்பிடட்டும்.”

அவங்க. ரொட்டி கையில் இருந்தது, வாயில் போட்டாள், மென்றாள், அவங்க. யார் அவங்க? ஒரு வருஷமாக அவள், இவள், நீ, பைத்தியம், உப்புமூட்டை, இரவில் வேறு சில, பகலில் சொல்ல முடியாதவை. இப்போது அவங்க. படகில் பக்கத்தில் இடம் கிடைத்து உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்பிள்ளைக்குக் கொடுக்கிற மரியாதை. அந்த மரியாதை ஓங்கி விட்ட அறையைவிட வலித்தது. ஒருவேளை தோரிஸிடம் விளையாட்டாகச் சொன்னானோ. அவன் அப்படியெல்லாம் சொல்லுகிறவன்தான், அப்பாவைக்கூட ஒருநாள் பெரியவங்க உத்தரவு என்று கேலி செய்தான். அவள் ஓரக்கண்ணால் அவன் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. கவனமான முகம். மேடு பள்ளம் தெரியாத தரையில் நடப்பவனுடைய முகம். ஒரு கடற்பறவை பாய்க்குமேல் வட்டமடித்தது, அவன் அதைக் காட்டி, “பாரு, அந்த...” என்றான், நிறுத்தினான், “அந்த வெள்ளை,” என்று முடித்துவிட்டுச் சிரித்தான். பறவை என்ற சொல்லும் போய்விட்டது. நேற்று மாலை சுருக்கு முடிச்சு போயிற்று, கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு விளையாட்டுப் பொருளைப்போல் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். முந்தாநாள் வாளியைக் கொண்டா என்றபோது விளக்கைக் கொண்டுவந்தான். முதல் பத்து மாதம் ஒன்றும் இல்லை, அல்லது அவள் கவனிக்கவில்லை, அல்லது கவனித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வலையில் ஒரு கண் அறுந்தால் அறுந்த அன்று ஒன்றும் தெரியாது. அந்த ஓட்டை ஒன்றைத் தொட்டு இன்னொன்றாக அவிழ்த்துக்கொண்டு போகும். அவளுக்கு முதல் கண் எது என்று தெரியும். எங்கே அறுந்தது, யார் அறுத்தது என்று தெரியும். இந்த உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

இல்லை, ஒரே ஆள் இல்லை, இன்னொருவன் இருக்கிறான், ஆனால் இந்த உலகத்தில் இல்லை. நினைக்காதே. அலையைப் பார். அலையைப் பார்த்தால் அந்த ஆறு வருகிறது, அலையே இல்லாத அந்த ஆறு, கரையில் நிழல் விழாத வெள்ளை மரங்கள், மரத்தடியில் தெரோன் உட்கார்ந்திருந்தான், அவன் மடியில் தலைவைத்து அவன் தம்பி மிக்கோஸ் படுத்திருந்தான். பதினாலு வயது. இருவரும் ஒரே படகில் போனவர்கள், கெரோனா துறைமுகத்தின் வாயிலேயே, வீட்டுக் கூரை தெரிகிற தூரத்தில் கவிழ்ந்தவர்கள். மெலித்தா அதுவரை மிக்கோஸைப் பார்த்ததில்லை, தெரோன் சொல்லித்தான் தெரியும், இடது காது கேட்காது, அதனால் யார் எங்கே உட்கார வேண்டும் என்று சண்டைபோடுவான், சரியான பிடிவாதக்காரன். நான் உன்னைக் கூட்டிப் போக வந்திருக்கிறேன் என்றாள் அவள். தெரோன் அவளை அடையாளம் கண்டுகொண்டான், செத்த முகம் மலர்வதை அவள் அங்கேதான் பார்த்தாள். பிறகு மடியைக் குனிந்து பார்த்தான். அவனைக் கூட்டிட்டுப் போ, என்றான். ஒருத்தர்தானே? அப்போ அவன். அவன் இன்னும் ஒண்ணுமே பாக்கலே. நான் இங்கே இருந்துக்கறேன். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான், இடம் மாறி உட்காருவதைப்போல். ஏழு நாள் இருட்டில் ஊர்ந்து, உப்புக் குகைக்குள் முழங்கால் தேய்ந்து, நாய் குரைக்கிற இடத்தையெல்லாம் தாண்டி அவள் வந்தது மிக்கோஸுக்காகவா? அவள் வாதாடினாள். அழுதாள். அவன் தலையாட்டி மறுத்துக்கொண்டே இருந்தான், நடுவில், தண்ணி இருக்கா, என்று கேட்டான். செத்தவர்களுக்கு எப்போதும் தாகம். அவள் ஆற்றில் இறங்கிக் கையைக் குவித்தாள். அது என்ன ஆறு என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். வரும் வழியெல்லாம் எச்சரித்து எச்சரித்துத்தான் அனுப்பியிருந்தார்கள், மறதி ஆறு, ஒரு வாய் குடித்தால் நெஞ்சில் மேலாக இருப்பது எதுவோ அது போய்விடும். அவன் நெஞ்சில் அப்போது மேலாக இருந்தது யார்? அதுவும் அவளுக்குத் தெரியும். அவள் கையிலிருந்துதான் குடித்தான், குழந்தைபோல, ஒரு சொட்டு விடாமல். குடித்துவிட்டு மடியில் கிடந்த தலையை ஒரு கல்லை நகர்த்துவதுபோல் நகர்த்திவிட்டு எழுந்து நின்றான், போலாமா என்றான்.

மிக்கோஸ் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கேதான் எல்லா நினைவும் போய் முட்டி நின்றது, மேலே நகர மறுத்தது. அவன் எழுந்து உட்கார்ந்தான், அவளைப் பார்த்தான், தலையை ஆட்டினான். ஒரே ஒரு தடவை. போங்க என்று ஆட்டினானா? சரி, அண்ணன் பிழைத்தால் போதும் என்றா? அல்லது காது கேட்காதவர்கள் எதிராளி பேசுகிறார் என்று நினைத்துச் சும்மா ஆட்டுவார்களே, அந்த ஆட்டலா? அல்லது உன்னை எனக்குப் புரிந்துவிட்டது என்றா? ஒரு வருஷமாக அவள் அந்தத் தலையாட்டலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டாள், நல்ல நாளில் அது சம்மதம், தூக்கம் வராத நாளில் அது தீர்ப்பு. தெரோனுக்கு அம்மா ஞாபகம் இருந்தது, கெரோனா ஞாபகம் இருந்தது, கவிழ்ந்த படகுகூட ஞாபகம் இருந்தது, படகில் தான் மட்டும் இருந்ததாக. ஊருக்குப் போகணும், அம்மா தனியா இருப்பா என்று மேலே வந்த மறுநாளே கிளம்பினான். திரும்பி வந்தவர்கள் ஒரு வருஷம் கடல்மேல் கால் வைக்கக் கூடாது என்றாள் மெலித்தா. அந்த நிபந்தனை அரசி வைத்ததல்ல, மெலித்தா வைத்தது. ஊருக்குப் போனால் முதல் ஆளே, உன் தம்பி எங்கே என்று கேட்பார். தீவில் அவனைக் கரை ஒதுங்கிய கூலியாள் என்று சொல்லி வைத்தாள், சாயல் கண்டு கேட்டவர்களிடம் இவன் வேறு ஆள் என்று சாதித்தாள். அதனால் கெரோனா மலைமேல் அவன் அம்மா இரண்டு பிள்ளைகளும் செத்ததாக ஒரு வருஷமாக அழுதுகொண்டிருக்கிறாள், ஒருவனுக்கான அழுகை முழுக்க மெலித்தா திருடியது. அவள் அவனுக்காகச் செத்தவர்களின் ஊர்வரை போனவள், ஆனால் ஓர் உண்மையைச் சொல்ல இந்தப் பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அவளால் போக முடியவில்லை.

கெரோனா தெரிய ஆரம்பித்தது. முதலில் மங்கலான கோடு, பிறகு மலை, பிறகு மலையில் ஒட்டிய வெள்ளை வீடுகள். “அந்த மேல வீடு,” என்றான் தெரோன் மெதுவாக, “எனக்குத் தெரிஞ்ச வீடு.” “ஆமாம்,” என்றாள். “அங்கே யாரு?” அவன் நினைவிலிருந்து அம்மாவும் போய்விட்டாள். இன்று காலையிலா, இந்த நொடியிலா? “இங்கே பாரு,” என்று அவன் அவள் பக்கம் குனிந்தான், தோரிஸுக்குக் கேட்காத குரலில், “எனக்கு இன்னிக்கு ஒருத்தர் கேள்வி கேப்பாங்கன்னு தெரியும். நீதான் என்னைக் கொண்டுவந்தேன்னும் தெரியும். முகம் தெரியுது. கை தெரியுது. ஆனா...” அவன் முடிக்கவில்லை. உதடு ஒன்றைத் தேடி அசைந்தது, ம என்று ஒட்டிப் பிரிந்தது, ஒட்டிப் பிரிந்தது, ஒன்றும் வரவில்லை. சொல்லிவிட வேண்டும். பெயரைத்தான் சொல்லக் கூடாது, தம்பியைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. முதலில் அறுந்த கண்ணைக் கட்டினால் மற்றவை நிற்குமா? யாருக்குத் தெரியும். நின்றால் அவன் பிழைப்பான், பிழைத்து அவளை வெறுப்பான். நிற்காவிட்டால் வெறுத்துக்கொண்டே போவான். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் அவளை நல்லவள் என்று நினைத்துக்கொண்டே இறங்கிப் போவான், அங்கே அவனுக்கு ஒரு தம்பி இருக்கிறான், மடி கிடைக்கும். சே. இப்படியும் நினைக்கிறதா மனசு? அவன் சாவதைவிட அவன் தன்னைத் தெரிந்துகொள்வதுதான் அவளுக்குப் பயமா? இந்தக் கேள்வி எழுந்த உடனேயே அதற்குப் பதில் தெரிந்துவிட்டது. பாய் ஒருதரம் படபடத்து அடங்கியது. “தெரோன்,” என்றாள், “உனக்கு ஒரு தம்பி இருந்தான்.”

“யாருக்கு?” என்றான் அவன். “உனக்கு. மிக்கோஸ்னு பேரு. உன்கூட ஒரே படகுல வந்தான்.” அவன் சிரிக்கப் போனான், சிரிப்பு பாதியில் நின்றது. “எனக்குத் தம்பி கிடையாது.” “இருந்தான். பதினாலு வயசு. இடது காது கேக்காது.” அவன் கையிலிருந்த ரொட்டித் துண்டைப் பார்த்தான். பிறகு தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த பலகையைப் பார்த்தான். “வலப்பக்கம்,” என்றான். “நான் எப்பவும் உனக்கு வலப்பக்கம்தான் உக்காருவேன். ஏன் வலப்பக்கம்னு நீ ஒரு தடவை கேட்டே. எனக்குத் தெரியலே, இங்கேதான் சரியா இருக்குன்னு சொன்னேன்.” அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. “இந்தப் பக்கம் இருந்தாத்தான் அவனுக்குக் கேக்கும்.” மெலித்தா அசையவில்லை. அசைந்தால் கலைந்துவிடும் என்பதுபோல் இருந்தாள். “மூக்கால சிரிப்பான்,” என்றான் தெரோன், கண் எங்கோ இருந்தது, “சிரிச்சா மூக்கு ஒழுகும். ஆமை பிடிச்சு வந்து அம்மா படுக்கைல விட்டான். தண்ணிக்குள்ள என் காலைப் பிடிச்சுக்கிட்டிருந்தான். நான் உதறலே. நான் உதறவே இல்லே.” அவன் மூச்சு வாங்கினான். “கீழே என் மடில இருந்தான். நீ வந்தே. நான் உன்கிட்ட...” அதற்குமேல் அவளே சொன்னாள், அவன் வாயால் அதைக் கேட்க முடியாது என்று பட்டது. “அவனைக் கூட்டிட்டுப் போன்னு சொன்னே. நான் மாட்டேன்னேன். நீ தண்ணி கேட்டே.” “நான் தண்ணி கேட்டேன்.” “குடுத்தேன்.” “என்ன தண்ணின்னு சொன்னியா?” “இல்லே.” “உனக்குத் தெரியுமா?” “தெரியும்.” ஆனால் அவன் தலையாட்டினான், தெரோன், உன் தம்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினான். நாக்கு நுனிவரை வந்தது அது. ஒரு வருஷமாகக் கட்டிக் காப்பாற்றிய ஒரே ஆறுதல். அதை எடுத்து அவன் முன்னால் வைத்தால் கொஞ்சம் பாரம் அந்தப் பதினாலு வயதுக்காரன் தோளில் ஏறும், அவனும் ஒத்துக்கொண்டவன் ஆகிவிடுவான், அவன் இங்கே வந்து இல்லை என்று சொல்லவா போகிறான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

தெரோன் எழுந்தான். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. பலகைகளைத் தாண்டி முன்பக்கம் போய் ஆடுகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டான், முதுகைக் காட்டியபடி. “என்னடி ஆச்சு, சண்டையா?” என்றாள் தோரிஸ், உண்மையான கவலையோடு. “ஒண்ணுமில்லேக்கா.” அந்த முதுகு குலுங்கியது, பிறகு குலுங்கவில்லை. அவன் அழுகிறானா, கடலைப் பார்க்கிறானா, குதிக்கப் பார்க்கிறானா. தம்பி திரும்பி வந்துவிட்டான் அவனுக்குள், பெயர் வந்ததா? கேட்க முடியாது. என் பெயர் என்ன சொல் என்று கேட்டால்கூட அது ஊட்டுவதாகிவிடுமோ என்னவோ. வந்தாலும் சொல்வானா? இதை இதுவரை அவள் நினைக்கவே இல்லை. ஞாபகம் வந்தும் சொல்லாமல் இருந்துவிடலாம், கேட்பவர் முன்னால் வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு நின்றால் நேரே மிக்கோஸிடம் போய்விடலாம். அவனுக்கு அது தண்டனை இல்லை, வழி. அவளேதான் அந்த வழியைத் திறந்துவிட்டிருக்கிறாள். துறைமுகத்தின் இரண்டு பாறைக் கைகளும் விரிந்து கிட்டே வந்தன, இந்தத் தண்ணீர்தான், இந்த இடம்தான், நீலமும் பச்சையும் கலந்த, எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத தண்ணீர். தோரிஸ் சுக்கானை விட்டு எழுந்து பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள், கரை வேகமாக வந்தது, மிக வேகமாக, “கயிறு, கயிறு! அடியே மெ—” மெலித்தா பாய்ந்தாள். முழங்கால் மூட்டையில் இடிக்க, கயிற்றுச் சுருளைப் பிடித்து, “எடுத்துட்டேங்க்கா எடுத்துட்டேன்!” என்று தொண்டை கிழியக் கத்தினாள், ஆடுகள் மிரண்டு கத்தின, தோரிஸ் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள். ஓரெழுத்து. ஓரெழுத்து பெயராகுமா? கயிறு கையை அறுத்தது. முன்பக்கம் அந்த முதுகு திரும்பவில்லை.

துறையின் கடைசியில், மீன்காரர்கள் வலை காயப்போடும் கல்லின்மேல் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். பார்த்தால் தபசியும் இல்லை, தேவனும் இல்லை, வெகுதூரம் நடந்து வந்து செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டிக்கொண்டிருக்கிற யாரோ. ஆனால் சுற்றி அத்தனை பேர் கூடையும் கூச்சலுமாகப் போய்வந்தும் ஒருவர்கூட அவர்மேல் இடிக்கவில்லை, கண்ணை அந்தப் பக்கம் திருப்பவுமில்லை. தோரிஸ் மூட்டைகளை இறக்க ஆள் தேடிப் போனாள். தெரோன் தானாகவே அந்தக் கல்லுக்கு முன்னால் போய் நின்றான், மெலித்தா நாலடி தள்ளி நின்றாள், காலுக்குக் கீழே தரை படகுபோலவே ஆடியது. “நீ யாருன்னு எனக்குத் தெரியும்,” என்றார் அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, “எதுக்கு வந்தேன்னு உனக்குத் தெரியும். உன்னைக் கைபிடிச்சு மேலே கூட்டிட்டு வந்தது யாரு?” தெரோன் திரும்பி அவளைப் பார்த்தான். வெறுப்பான பார்வையாக இருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும், அது அளவெடுக்கிற பார்வையாக இருந்தது. அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. எங்கோ ஒரு தச்சன் ஆணி அடித்தான், ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது அடிக்கு அவள் காத்திருந்தாள், அது வரவில்லை. “மெலித்தா,” என்றான் தெரோன். காலையிலிருந்து, பன்னிரண்டு நாளாக, அவள் ஏங்கிக் கிடந்த அந்தச் சொல், குற்றவாளியைக் கைகாட்டுகிற குரலில் வந்தது. “ஆஸ்திரா உப்பளத்து மெலித்தா. என்னைக் கேக்காமே கூட்டிட்டு வந்தா. என் தம்பியை விட்டுட்டுக் கூட்டிட்டு வந்தா.” “நான் பேர் மட்டும்தான் கேட்டேன்,” என்று அவர் எழுந்தார். “அவனுக்குப் பதிலா நான் வர்றேன்,” என்றான் தெரோன், “அவனை அனுப்புங்க.” அவர் முகத்தில் முதல்தடவையாக ஏதோ இளகியது. “அப்படி ஒரு வழி இருந்தா, இந்தத் துறையில பாதிப் பேர் என் முன்னால வரிசைல நின்னிருப்பாங்க,” என்றார். கூட்டத்துக்குள் நடந்தார். ஒரு கூடைக்காரி குறுக்கே போனாள், அவள் போன பிறகு அங்கே யாரும் இல்லை.

பிழைத்துவிட்டான். மெலித்தா அந்தச் சொல்லை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள், அதற்குள் எங்கோ சந்தோஷம் இருக்க வேண்டும், தேடினாள், கிடைக்கவில்லை. அவன் மலைப்பாதையில் ஏற ஆரம்பித்தான். கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. தோரிஸின் படகில் ஏறித் தீவுக்குத் திரும்பிவிடலாம், சாயங்காலம் பாத்தியில் உப்பு வாரலாம், ஒரு வருஷத்தைக் கனவென்று வைத்துக்கொள்ளலாம். அவன் பத்துப் படி ஏறி நின்றான். “நான் சொல்லமாட்டேன்,” என்றான், முகம் மலையைப் பார்த்து இருந்தது. “அம்மாகிட்ட நான் சொல்லமாட்டேன். நீ வந்து சொல்லு.” அது அழைப்பா, தண்டனையா? இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாதா? அவள் ஏறினாள். வழியில் அவன் ஒரு தடவை கல் இடறித் தடுமாறினான், அவள் கை தானாக நீண்டது, அவன் அதைப் பிடிக்கவில்லை, தட்டிவிடவும் இல்லை. மேல வீட்டு வாசலில் ஓர் அம்மாள் அத்திப்பழங்களைப் பிளந்து வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்த்தாள். கூக்குரல் போடவில்லை. எழுந்து வந்து பழம் ஒட்டிய விரல்களால் தெரோனின் முகத்தைத் தொட்டாள், காதை, மூக்கை, பல்லைக்கூட, சந்தையில் கன்றைப் பார்ப்பதுபோல், எல்லாம் இருக்கிறதா என்று. பெரியவனே, பெரியவனே என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. பிறகு அவன் தோளைப் பிடித்து எம்பி, அவனைத் தாண்டி, அவன் ஏறி வந்த பாதையைப் பார்த்தாள். ஒருவன் வந்தால் மற்றவனும் வருவான்தானே. பாதையில் மெலித்தாதான் நின்றிருந்தாள். “கொஞ்சம் தள்ளிக்கோம்மா,” என்றாள் அந்த அம்மாள், கழுத்தை நீட்டிக்கொண்டு, “சின்னவன் வர்ற வழி மறைக்குது.”

மெலித்தா நகரவில்லை. “அவன் வரலேம்மா,” என்றாள்.